ஒரே ஞாயிறு, இரண்டு பல்லவிகள்: திருப்பலி நூலும் பாடல் நூலும் வேறுபடுவது ஏன்?



பொதுக்காலத்தின் 3-ஆம் ஞாயிறுக்கான பக்கத்தைத் திருப்பலி நூலில் திறந்து பார்ப்போம். வருகைப் பல்லவியாக அங்கே இருப்பது திருப்பாடல் 96. உலகெங்கும் வாழ்வோரை ஆண்டவருக்குப் புதியதொரு பாடல் பாட அழைக்கும் பகுதி அது. அதே ஞாயிறுக்கு உரோமைத் திருச்சபையின் இலத்தீன் பாடல் நூலைத் திறந்தால் காட்சி மாறிவிடுகிறது. மத்தேயுவும் மாற்கும் வாசிக்கப்படும் முதல் இரண்டு ஆண்டுகளில், அங்கே ஆண்டவர் கலிலேயக் கடலோரமாக நடந்து செல்கிறார். பேதுருவையும் அந்திரேயாவையும் கண்டு அழைக்கிறார் (மத் 4:18-19). இரண்டும் ஒரே நாளுக்கு உரியவை. இரண்டும் ஒரே திருச்சபையின் அதிகாரபூர்வ நூல்கள். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பும் அல்ல.

இன்று வழிபாட்டு நூல்கள் கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகின்றன. ஆகவே நம் பாடகர் குழுவினர் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து, "சாமி, இதில் எது சரி?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதை அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் யாரோ கைவைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைப்படுபவர்களும் உண்டு. இரண்டுமே உண்மையல்ல. இந்த வேறுபாடு தெரிந்தே செய்யப்பட்டது. அதற்கான காரணமும் எழுத்தில் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால், ஞாயிறு தோறும் நம் ஆலயங்களில் எந்தப் பாடலை ஏன் பாடுகிறோம் என்ற கேள்வியும் கூடவே எழும். நம்மைப் பொறுத்தவரை அந்தக் கேள்விதான் முக்கியமானது.

பாடுகிறவர்களின் நூல்

தொடக்க நூற்றாண்டுகளில் திருப்பலிக்கு ஒரே நூல் என்று ஒன்று இருக்கவில்லை. குருவிடம் மன்றாட்டுகள் அடங்கிய நூல் இருந்தது. வாசகரிடமும் திருத்தொண்டரிடமும் வாசகங்களும் நற்செய்தியும் இருந்தன. பாடுகிறவர்களிடம் அவர்களுக்குரிய தனி நூல் இருந்தது. வழிபாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பணி. அந்தந்தப் பணிக்கு அந்தந்த நூல்.

பாடகர்களின் நூலுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகள் 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் சொற்கள் மட்டுமே உள்ளன, இசைக்குறிகள் இல்லை. இராகம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் காதுவழியே சென்றது. (நம் ஊர்ப் பாடகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அத்தகைய ஆறு பழைய பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, பிரான்சு நாட்டின் சொலேம் ஆதீனத்தைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி எஸ்பேர் 1935-இல் ஒரு பதிப்பு வெளியிட்டார். 10-ஆம் நூற்றாண்டில்தான் சுவிட்சர்லாந்தின் சன் காலன், பிரான்சின் லான் போன்ற இடங்களில் இசைக்குறிகளோடு கூடிய அருமையான பிரதிகள் எழுதப்பட்டன. இந்த மரபில் வந்த நூலே 'கிராதுவாலே ரொமானும்'. 'கிராதுஸ்' என்றால் படி. வாசகத்திற்குப் பின்வரும் பாடலை, வாசக மேடையின் படியில் நின்று பாடியதால் இந்தப் பெயர் வந்தது. இனி இதை 'உரோமைப் பாடல் நூல்' என்றே குறிப்பிடுவோம்.

பிற்காலத்தில், பாடகர் இல்லாமல் குரு தனியாகத் திருப்பலி நிறைவேற்றும் வழக்கம் பெருகியது. அப்போது எல்லாருடைய பகுதிகளும் ஒரே நூலில் சேர்க்கப்பட்டன. திருப்பலி நூல் பிறந்தது இப்படித்தான். பாடகர்கள் பாடினாலும் குரு அதே சொற்களைப் பீடத்தில் தனியே மெல்லிய குரலில் சொல்லியாக வேண்டும் என்ற முறையும் வந்தது. 1570-இல் திருத்தந்தை புனித ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலி நூலில் இருந்த பல்லவிகள், பாடகர்களின் நூலிலிருந்து எடுத்து எழுதப்பட்டவைதான். ஆகவே அடுத்த 400 ஆண்டுகள் இரண்டு நூல்களிலும் அநேகமாக ஒரே வாசகமே இருந்தது. நம் முன்னோர் கண்ட பாடற்பூசையில், மேலே பாடகர் மாடத்தில் ஒலித்ததும் கீழே பீடத்தில் குருவின் உதடு முணுமுணுத்ததும் ஒன்றே.

புனித பத்தாம் பத்திநாதர் 1903-இல் திருவிசை பற்றிய தம் ஆணைமடலை வெளியிட்டார். அதன் விளைவாக, பழைய பிரதிகளை ஆராய்ந்து சீர்செய்யப்பட்ட உரோமைப் பாடல் நூல் 1908-இல் வத்திக்கான் பதிப்பாக வந்தது. சங்கம் தன் 'திருவழிபாடு' கொள்கைத் திரட்டில் (எண் 117), சிறிய ஆலயங்களுக்கு ஏற்ற எளிய இராகங்கள் கொண்ட நூல் ஒன்றும் வேண்டும் என்றது. அதன்படி 1967-இல் 'எளிய பாடல் நூல்' வெளிவந்தது. இது மூன்றாவது நூல். இதன் பல்லவிகளும் வேறு. ஒவ்வொரு ஞாயிறுக்கும் தனித்தனியே பாடல் தராமல், காலத்திற்குரிய தொகுப்புகளாகத் தருகிறது. பொதுக்காலம் முழுவதற்கும் 8 தொகுப்புகள், அவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம்.

1969-இல் எடுக்கப்பட்ட முடிவு

புதிய திருப்பலி நூலை அங்கீகரித்து திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1969 ஏப்ரல் 3 அன்று வெளியிட்ட திருத்தூது கொள்கைவிளக்கத்தில் நம் கேள்விக்கான பதில் இருக்கிறது. அவர் சொல்வதன் சாரம் இது: உரோமைப் பாடல் நூலின் வாசகம், பாடுவதைப் பொறுத்தமட்டில், மாற்றப்படவில்லை. ஆனால் எளிதில் புரிந்துகொள்ளும்பொருட்டு, புனித அகுஸ்தினாரும் புனித பெரிய சிங்கராயரும் அடிக்கடி குறிப்பிடும் பதிலுரைப் பாடல் மீண்டும் கொண்டுவரப்பட்டுள்ளது. அதுபோலவே, பாடப்படாத திருப்பலிகளில் பயன்படுத்துவதற்கான வருகைப் பல்லவியும் திருவிருந்துப் பல்லவியும் தேவைக்கேற்பச் சீரமைக்கப்பட்டுள்ளன.

இந்த ஒரு பத்தியைப் பலரும் கவனிப்பதில்லை. திருப்பலி நூலில் அச்சாகியிருக்கும் பல்லவி, யாரும் பாடாதபோது வாயால் சொல்வதற்காகச் சீரமைக்கப்பட்டது. பாடுவதற்குரியது பாடல் நூலில் இருக்கிறது. பாடும்போது அழகாக ஒலிக்கும் நீண்ட, சிக்கலான ஒரு வாக்கியம், வாரநாள் காலையில் பத்துப் பேர் கூடியிருக்கும் ஆலயத்தில் வெறுமனே வாசிக்கப்படும்போது எடுபடாமல் போகலாம். சில சொற்களே கொண்டு, மூன்று நிமிடம் நீளும் இராகத்தோடு நெஞ்சில் இறங்கும் ஒரு பல்லவி, வாசித்தால் மூன்று நொடியில் முடிந்துவிடும். எனவே வாசிப்பதற்கு ஏற்றது, பொருள் உடனே விளங்குவது என்று பார்த்து வேறு வசனங்கள் இடப்பட்டன. பழைய வருகைப் பல்லவியோடு இருந்த திருப்பாடல் வசனமும் திரித்துவப் புகழும் திருப்பலி நூலிலிருந்து எடுக்கப்பட்டன. பவனி நீளும்போது வசனங்கள் தேவை. வாசிப்புக்கு அவை தேவையில்லை அல்லவா? காணிக்கைப் பல்லவி முற்றிலுமாக நீங்கியது. பாடாதபோது அதைச் சொல்லவும் தேவையில்லை என்பதே காரணம். பாடல் நூலில் அது இன்றும் இருக்கிறது.

பாடல் நூலும் அப்படியே நின்றுவிடவில்லை. மூன்று ஆண்டு வாசகச் சுழற்சி வந்ததால், பழைய பாடல்களைப் புதிய நாள்களுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. 1972-இல் வெளிவந்த 'திருப்பலிப் பாடல் ஒழுங்கு' இதைச் செய்தது. அதன்படி சொலேம் ஆதீனம் 1974-இல் இன்றைய உரோமைப் பாடல் நூலை வெளியிட்டது. கலிலேயக் கடலோரப் பாடல் முன்பு அந்திரேயா திருநாளின் முந்திய நாளுக்கு உரியதாக இருந்தது; இப்போது பொதுக்காலம் 3-ஆம் ஞாயிறுக்கு வந்துவிட்டது, ஏனெனில் அன்று முதல் சீடர்களின் அழைப்பே நற்செய்தி.

எடுத்துக்காட்டாகச் சில நாள்கள்

அதே 3-ஆம் ஞாயிறை இன்னும் சற்றுப் பார்ப்போம். லூக்கா வாசிக்கப்படும் மூன்றாம் ஆண்டில் முதல் வாசகம் நெகேமியா 8-ஆம் அதிகாரம். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய மக்கள் சட்டநூல் வாசிக்கப்படுவதைக் கேட்டு அழுகிறார்கள். அழாதீர்கள், நல்ல உணவை உண்டு, இனியதைப் பருகி, இல்லாதவர்க்கும் அனுப்பிவையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த வசனமே (நெகே 8:10) பாடல் நூலில் அன்றைய திருவிருந்துப் பாடல். நற்கருணை வாங்க வரிசையில் வருகிறவர், ஒரு மணி நேரத்திற்கு முன் தாம் கேட்ட வாசகத்தை இப்போது உண்ணும் நேரத்தில் மீண்டும் கேட்கிறார். இல்லாதவர்க்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துக் கேட்கிறார். திருப்பலி நூலோ எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவாக, திருப்பாடல் 34:6 அல்லது உலகின் ஒளி பற்றிய யோவான் 8:12 ஆகியவற்றுள் ஒன்றைத் தருகிறது. நல்ல வசனங்கள்தாம். ஆனால் அன்றைய வாசகத்தோடு அந்த ஒட்டுறவு இல்லை.

இதற்கு முந்திய ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஆண்டில் நற்செய்தி கானாவூர்த் திருமணம். பாடல் நூலின் திருவிருந்துப் பாடல் அந்த நிகழ்ச்சியையே சுருக்கிப் பாடுகிறது: தொட்டிகளை நிரப்பச் சொல்லும் ஆண்டவர், சுவைத்துப் பார்த்து வியக்கும் பந்தி மேற்பார்வையாளர், இயேசுவின் முதல் அடையாளம் என்ற முடிவுரை. மேற்பார்வையாளர் பேசும் இடத்தில் இராகம் மேலே ஏறி, அந்த மனிதரின் வியப்பை நமக்குக் காட்டுகிறது. திருப்பலி நூலில் இருப்பது திருப்பாடல் 23:5 அல்லது 1 யோவான் 4:16.

தவக்காலம் 5-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி இலாசர் உயிர்பெறுதல். திருப்பலி நூல் தருவது யோவான் 11:26, அதாவது இயேசுவில் நம்பிக்கை கொள்கிறவர் என்றுமே சாகமாட்டார் என்ற போதனை. பாடல் நூல் தருவது அதே அதிகாரத்தின் 33, 35, 43, 44, 39 ஆகிய வசனங்களிலிருந்து கோத்தெடுத்த ஒரு காட்சி. சகோதரிகள் அழுவதை ஆண்டவர் காண்கிறார். அவரும் அழுகிறார். உரத்த குரலில் கூப்பிடுகிறார். கட்டுண்ட கைகால்களோடு, நான்கு நாள் கல்லறையில் கிடந்தவர் வெளியே வருகிறார். ஒன்று கோட்பாட்டைச் சொல்கிறது. மற்றொன்று கண்ணீரைக் காட்டுகிறது. இரண்டும் நமக்குத் தேவை. ஆனால் அந்த ஞாயிறுக்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வரிசையில் நிற்கும் தாய்க்கு, அழுகிற ஆண்டவர் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுவார் என்று நமக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவில் வேறுபாடு வேறு வகையானது. திருப்பலி நூல் யோவான் 1:14-ஐத் திருவிருந்துப் பல்லவியாகத் தருகிறது. வாக்கு மனிதரானார் என்பது எவருக்கும் உடனே விளங்கும். பாடல் நூல் திருப்பாடல் 110:3-இன் பழைய இலத்தீன் வாசகத்தைத் தருகிறது. விடிவெள்ளிக்கு முன்பே தந்தையிடமிருந்து பிறந்தவர் என்ற, விளக்கம் இல்லாமல் எளிதில் புரியாத வரி. நம் தமிழ் விவிலியத்தில் அந்த வசனத்தைத் தேடினால் வேறு விதமாக இருக்கும், ஏனெனில் அங்கே எபிரேய மூலம் மிகவும் கடினமானது. எளிதில் புரியவேண்டும் என்ற 1969-இன் நோக்கம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. அந்த மாற்றத்தைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை.

தூய ஆவியார் பெருவிழாவில் இரு நூல்களுமே திருத்தூதர் பணிகள் 2-ஆம் அதிகாரத்தைத்தான் திருவிருந்துக்கு எடுக்கின்றன. பாடல் நூல் திடீரென எழுந்த காற்றின் இரைச்சலில் தொடங்குகிறது. இராகமும் தொடக்கத்திலேயே திடுமென மேலே தாவுகிறது. திருப்பலி நூல் காற்றை விட்டுவிட்டு, ஆவியால் நிரப்பப்பட்டவர்கள் கடவுளின் மாபெரும் செயல்களைப் பேசினார்கள் என்பதை (2:4,11) எடுத்துக்கொள்கிறது. காற்று பாடுவதற்கு, பேச்சு வாசிப்பதற்கு!

எல்லா நாள்களும் இப்படி வேறுபடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திருவருகைக்காலத்தின் 3-ஆம் ஞாயிறும் தவக்காலத்தின் 4-ஆம் ஞாயிறும் மகிழ்ச்சி ஞாயிறுகள் எனப்படுவது அவற்றின் வருகைப் பல்லவிகளின் முதல் சொல்லால்தான். அவை இரு நூல்களிலும் ஒன்றே. கிறிஸ்து பிறப்புப் பகல் திருப்பலி, திருநீற்றுப் புதன் ஆகியவற்றின் வருகைப் பல்லவிகளும் அப்படியே.

விவிலியத்தில் தேடினாலும் கிடைக்காதவை

பாடல் நூலைத் தமிழ் விவிலியத்தோடு ஒப்பிட முனைகிறவர்களுக்கு முதலில் ஒரு சிறு எச்சரிக்கை. அங்கே திருப்பாடல் எண்கள் பழைய இலத்தீன் முறையில் இருக்கும். 10 முதல் 146 வரை பெரும்பாலும் ஒன்று குறைவு. அங்கே 24 என்றால் நமக்கு 25.

அடுத்தது மொழிபெயர்ப்பு. புனித எரோணிமுவின் திருத்தங்கள் பரவுவதற்கு முன்பே இலத்தீனில் விவிலிய மொழிபெயர்ப்புகள் இருந்தன. பாடகர்கள் மனப்பாடம் செய்தவை அவைதாம். வாசிக்கிற வாசகத்தை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். பாடுகிற வாசகத்தை மாற்ற நாவும் காதும் விடமாட்டா. எரோணிமுவின் வுல்காத்தா விவிலியத்தில் லூக்கா 2:14-இல் வானதூதர் பாடலில் 'உன்னதங்களில்' என்பதற்கு 'அல்திஸ்ஸிமிஸ்' என்ற சொல் இருக்கிறது. திருப்பலியிலோ இன்றுவரை 'எக்ஸ்செல்சிஸ்' என்றே பாடுகிறோம். எசாயா 6:3-இல் வுல்காத்தா 'படைகளின் ஆண்டவர்' என்று பொருள்பட மொழிபெயர்த்தது. 'தூயவர்' பாடலின் இலத்தீனிலோ 'சபாவோத்' என்ற எபிரேயச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

சில இடங்களில் பொருளே மாறும். திருப்பாடல் 95:10, பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள். அந்தத் தலைமுறையின்மீது கடவுள் சினம் கொண்டிருந்தார் என்பது வுல்காத்தா வாசகம். பழைய உரோமைத் திருப்பாடல் வாசகத்திலோ, அந்தத் தலைமுறைக்கு அவர் அருகிலேயே இருந்தார் என்று வரும். ஐந்தாம் பத்திநாதரின் 1568-ஆம் ஆண்டுக் கட்டளைச் செபநூல் வுல்காத்தாவின் திருப்பாடல்களை ஏற்றுக்கொண்ட பின்னும், நாள்தோறும் முதல் அழைப்பாகச் சொல்லப்பட்ட இந்தத் திருப்பாடல் மட்டும் பழைய வாசகத்திலேயே நின்றது. எனவே குருக்களும் துறவியரும் பல நூற்றாண்டுகள், கடவுள் அருகில் இருந்தார் என்று சொல்லியே ஒவ்வொரு நாள் செபத்தையும் தொடங்கினார்கள். எந்த வாசகம் மூலத்துக்கு நெருக்கமானது என்றால் சந்தேகமில்லாமல் சினம்தான். ஆயினும், முரண்டுபிடித்த பிள்ளையின்மீது சினந்துகொண்டே அருகில் இருப்பது எப்படி என்பது தாய்மாருக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று திருப்பாடல் 96:10. ஆண்டவர் ஆட்சி செய்கிறார் என்று மக்களினங்களுக்குச் சொல்லும் வசனம். பழைய இலத்தீன் வாசகம் அதில் 'மரத்திலிருந்து' என்ற சொல்லைச் சேர்த்திருந்தது. சிலுவை மரமே அரியணை! எபிரேய மூலத்தில் அந்தச் சொல் இல்லை. 2-ஆம் நூற்றாண்டில் மறைசாட்சியான புனித யுஸ்தீன், திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலில், யூதர்கள் அந்தச் சொல்லை நீக்கிவிட்டதாகவே வாதாடினார். இன்று அறிஞர்கள் அதைக் கிறிஸ்தவர் சேர்த்த விளக்கச் சொல் என்றே கொள்கிறார்கள். யூதர்மீது சுமத்தப்பட்ட அந்தப் பழி தவறானது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் பழைய திருப்பலி நூலில் உயிர்ப்பு வாரத்து வெள்ளியன்று பாடிய அல்லேலூயா வசனத்தில் அந்தச் சொல் இருந்தது. 6-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வெனான்சியு பொர்த்துனாத்து எழுதிய திருச்சிலுவைப் பாடலும் அதைத் தாவீதின் இறைவாக்காகக் குறிப்பிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை நீக்கியது சரி. பாடகர் விடாமல் வைத்திருந்ததும் வீண் அல்ல.

இறந்தோருக்கான திருப்பலியின் வருகைப் பல்லவி இன்னும் விந்தையானது. நிலையான இளைப்பாற்றியும் ஒளியும் வேண்டும் அந்த மன்றாட்டுக்கு மூலம், எஸ்ராவின் பெயரால் வழங்கும் ஒரு நூல் (4 எஸ்ரா 2:34-35). அது நம் விவிலியத் திருமுறையில் இடம்பெறாத நூல். அதே திருப்பலியில் முன்பு பாடப்பட்ட, கடவுளின் கடுஞ்சினத்தின் நாளைப் பற்றிய தொடர்பாடலை 1970-இன் திருப்பலி நூல் நீக்கிவிட்டது. அது இப்போது இலத்தீன் திருப்புகழ்மாலையில், பொதுக்காலத்தின் கடைசி வாரத்திற்குரிய பாடலாக இருக்கிறது. தொடர்பாடல்களைப் பற்றி ஒரு சொல்: 1972-இன் பாடல் ஒழுங்கு அதை அல்லேலூயாவுக்குப் பின் வைத்தது, 2002-இன் பொதுப் படிப்பினை (எண் 64) அல்லேலூயாவுக்கு முன் பாடச் சொல்கிறது. பின்னதையே இன்று பின்பற்றவேண்டும்.

பொதுப் படிப்பினை சொல்வது

வருகைப் பாடலுக்கு எண் 48-உம் திருவிருந்துப் பாடலுக்கு எண் 87-உம் பார்க்க வேண்டியவை. பாடும்போது உரோமைப் பாடல் நூலிலோ எளிய பாடல் நூலிலோ உள்ள பல்லவியை அதன் திருப்பாடலோடு பாடலாம். அல்லது திருச்சடங்கிற்கும் நாளின் அல்லது காலத்தின் தன்மைக்கும் பொருந்திய வேறு பாடலைப் பாடலாம், அதன் வாசகம் ஆயர் பேரவையின் ஒப்புதல் பெற்றிருக்கவேண்டும். பாடல் இல்லையென்றால், திருப்பலி நூலில் உள்ள பல்லவியை இறைமக்களோ, சிலரோ, வாசகரோ சொல்லவேண்டும். அதுவும் இல்லையென்றால் குருவே சொல்லவேண்டும், அல்லது தம் முன்னுரையில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆயர்கள் தங்கள் நாட்டிற்கான பதிப்பில் திருப்பலி நூலின் பல்லவியையும் பாடக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வாதிடும் நம் இளைஞர்கள் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது.

ஆக, வருகைப் பாடலை எல்லாரும் பாடி முடித்தபின் குரு மீண்டும் வருகைப் பல்லவியை வாசிப்பது தேவையற்றது. பல இடங்களில் இது பழக்கமாகிவிட்டது. பாடல் இருக்கும்போது வாசிக்கும் பல்லவிக்கு இடம் இல்லை. மாறாக, பாடகர் இல்லாத வாரநாள் திருப்பலியில் அதை அவசரமாகத் தாண்டிச் செல்வதும் சரியல்ல; அந்த நேரத்திற்காகவே அது சீரமைக்கப்பட்டது.

நம் பாடகர் மேடை

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தமிழகப் பங்குகளில் அநேகமாக எல்லா ஞாயிறும் நாம் பாடுவது மேற்சொன்ன கடைசி வகை, அதாவது பொருந்திய வேறு பாடல். 1967-இன் 'திருவிசை' அறிவுரை (எண் 32) இதற்கு இடம் தந்தது. இதில் தவறில்லை, தமிழில் அருமையான பாடல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் 'பொருந்திய' என்ற சொல்லை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். இராகம் பிடித்தது, போன வாரம் ஒத்திகை பார்த்தது, கீபோர்டு வாசிப்பவருக்குத் தெரிந்தது என்று பாடல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. திருப்பலி நூலும் பாடல் நூலும் தங்களுக்குள் கொஞ்சம் வேறுபடுகின்றன. அந்த இரண்டுக்கும் நம் பாடகர் மேடைக்கும் இடையே உள்ள தொலைவு அதைவிடப் பெரியது.

பெரிய வியாழன் மாலைத் திருப்பலி இதற்குச் சரியான சான்று. அன்றைய வருகைப் பல்லவியில் இரு நூல்களும் முழுமையாக ஒத்துப்போகின்றன: சிலுவையைத் தவிர வேறு எதிலும் பெருமை பாராட்டமாட்டோம் என்ற கலாத்தியர் 6:14-ஐ ஒட்டிய வாசகம். மூன்று நாள் கொண்டாட்டம் முழுவதற்கும் இதுவே வாசல். நம் பங்குகளில் அன்று வருகைப் பாடலாக ஒலிப்பது பெரும்பாலும் நற்கருணைப் பாடல், அல்லது குருத்துவத்தைப் போற்றும் பாடல். குருக்களாகிய நமக்கு அது இனிக்கத்தான் செய்யும்! ஆனால் திருச்சபை அந்த மாலையில் மக்களை உள்ளே அழைத்து வரும்போது சிலுவையைக் காட்டி அழைத்து வருகிறது. குருத்துவத்தைச் சிறப்பாக நினைவுகூர எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலி இருக்கிறது. இரு நூல்களும் ஒருமித்துச் சொல்வதைக் கேட்காமல், அவை வேறுபடும் இடத்தைப் பற்றி வாதிட்டு என்ன பயன்?

மக்கள் மறையுரையை மறந்துவிடுவார்கள், பாடலை மறப்பதில்லை. வயல் வேலையிலும் அடுப்படியிலும் அவர்கள் முணுமுணுப்பது ஞாயிறு பாடியதைத்தான். நற்செய்தியின் சொற்கள் அந்தப் பாடலில் இல்லையென்றால், அந்த வாரம் முழுவதும் அவர்கள் நாவில் அது இருக்கப்போவதில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? இலத்தீன் பாடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாடல் தேர்ந்தெடுக்கும் முன் அந்த நாளுக்குரிய பல்லவிகளை, முடிந்தால் இரு நூல்களிலும், பார்க்கலாம். அவை எந்த விவிலியப் பகுதியிலிருந்து வருகின்றன என்று குறித்துக்கொண்டு, அதே பகுதியைத் தழுவிய தமிழ்ப்பாடல் இருக்கிறதா என்று தேடலாம். திருப்பாடல்களைத் தழுவிய பாடல்கள் நம்மிடம் நிறையவே உண்டு. திருவிருந்து நேரத்திற்கு வேறெதுவும் கிடைக்காவிட்டால் திருப்பாடல் 34 எந்த ஞாயிறுக்கும் பொருந்தும். 4-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு விளக்கம் தந்த ஆயர் புனித சிரில் மரபின் மறைபொருள் உரையில், நற்கருணை வாங்கச் செல்லும்போது கேட்கும் பாடலாக அதுவே குறிப்பிடப்படுகிறது. அந்தப் பாடல் குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்கவேண்டும் (எண் 86). மக்கள் பாதிப்பேர் வாங்கி முடித்தபின் தாளைப் புரட்டித் தேடுவது, எந்த நூலின்படியும் முறையல்ல.

அடக்கத் திருப்பலிக்கும் இதே வழிதான். உடலை ஆலயத்திலிருந்து எடுத்துச் செல்லும்போது வானதூதர்கள் விண்ணக எருசலேமுக்கு வழிநடத்தும்படி வேண்டும் பல்லவி நூலில் இருக்கிறது. வீட்டாரின் அழுகையைக் கூட்டும் பாடல்களையே அந்த நேரத்தில் தேர்ந்தெடுப்பவர்கள், அந்தப் பல்லவியை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

பெரிய வியாழன் பற்றி இன்னொன்று விட்டுப்போயிற்று. காணிக்கைப் பல்லவிகளைப் பொதுவாக அச்சிடாத திருப்பலி நூல், அன்று மாலை மட்டும் விதிவிலக்காக, காணிக்கைப் பவனிக்கு ஒரு பாடலைத் தருகிறது. உண்மையான அன்பு உள்ள இடத்தில் கடவுள் இருக்கிறார் என்று சொல்லும் பழம்பெரும் பாடல் அது. நம்மவர் பலரும் அதைப் பாதம் கழுவும்போதே பாடி முடித்துவிடுகிறார்கள். நூலின் குறிப்போ, அப்பத்தோடும் இரசத்தோடும் ஏழைகளுக்கான காணிக்கைகளும் பவனியாகக் கொண்டுவரப்படலாம் என்றும், அந்த வேளையில் இதைப் பாடவேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ஆண்டு பெரிய வியாழனுக்கு ஒத்திகை பார்க்கும் குழுவினர், அந்தப் பாடலை அரிசி மூட்டை பீடத்தை நோக்கி வரும் நேரத்திற்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம்.